பேழையின் பின்கதவு

இன்று காலை யு.கே.ஜி. வகுப்பு பீரோவைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாடையோடு உன் பிஸ்கட் டப்பா கைக்கு வந்தது. உள்ளே இருபத்து நான்கு கைக்குட்டைகள், நான்காக மடித்தபடி. ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்பு நூலில் நீ போட்ட புள்ளித் தையல். யானை ஜோடிக்கு ஒரு புள்ளி, முயல் ஜோடிக்கு இரண்டு. அத்தனை பெரிய யானைக்கு ஒரே புள்ளியா என்று கேட்டதற்கு, "யானை இன்னா கோச்சிக்கவா போவுது? எனுக்குக் கண்ணு தெரிலடி" என்றாய். டப்பாவை மறுபடி உள்ளே தள்ளிப் பூட்டிவிடலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் அப்படித் தோன்றியது என்பதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

ஒன்பது வருடம் நீயும் நானும் ஒரே வகுப்பைப் பங்கு போட்டுக்கொண்டோம். எழுத்தும் எண்ணும் எனக்கு, பாட்டும் வேதபாடமும் உனக்கு. பாடத்திட்டம் என்பது ஹெச்.எம். அறையில் தொங்கும் அந்தப் பெரிய அட்டை. வாரத்துக்கு ஓர் எழுத்து, ஓர் எண், ஒரு பாட்டு, ஒரு கதை. ஜூனில் உலகத்தைப் படைக்க ஆரம்பித்தால் மார்ச்சில் கல்லறைக் கல்லைப் புரட்டி முடித்தாக வேண்டும். அட்டையில் இல்லாத எதையும் நான் நடத்த மாட்டேன். "கட்டம் தாண்டாத மகராசி" என்று என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பாய்.

மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் வரும் வாடை நமக்கெல்லாம் பழக்கம்தான். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் வந்தது பழகிய வாடை இல்லை. மூத்திரச் சந்தில் தலையை விட்டது போலக் கண்ணும் தொண்டையும் எரிந்தன. பிள்ளைகள் மூலைக்கொருவராக ஓடினார்கள். இரண்டு பேரை டேங்கர் லாரிக்கு முன்னால் தெருமுனையில் போய்ப் பிடித்தோம். வாடை பத்து நிமிடத்தில் போய்விட்டது. மறுநாளே நீ ஹெச்.எம். மேடத்திடம் போய், கேஸ் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கலாம் என்றாய். "பேரன்ட்ஸ் காதுல விழுந்தா டி.சி. கேட்டு வந்து நிப்பாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் நீ சிரித்தாய். "அட்டைல எழுதுனாத்தான வேணான்றாங்க? கதைக்குள்ள வெச்சிட்டா யாரு கேக்கப் போறா?"

அந்த வாரத்துக் கதை பேழை. பெருமழையில் உலகமே முழுகும்போது ஜீவராசிகளை ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொண்டு மிதந்ததே, அந்தப் பேழை. மழை வருகிறது என்று நீ மேசையைத் தட்டினால் பிள்ளைகள் யானை, முயல் என்று இரண்டிரண்டு பேராகக் கைக்குட்டையை வாளியில் நனைத்து, மூக்கில் பொத்திக்கொண்டு உள் அறைக்குப் போவார்கள். ஜன்னல் சாத்தப்படும், கதவிடுக்கில் ஈரத் துண்டு. "கப்பல் தாத்தா கதவ சாத்திட்டாரு. இனிமே பேச்சு கெடையாது, மூச்சு மட்டும்தான்" என்பாய். ஒரு வாரக் கதையை வருடம் பூராவும் வெள்ளிக்கிழமை தோறும் நடத்தினாய். பிள்ளைகள் அதை விளையாட்டென்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன ஜூனில் புதுப் பாடத்திட்டம் வந்தது. ஒவ்வொரு கதைக்கும் ஒரு செயல்பாடு, அதற்கு ஒரு முடிவு, பெற்றோருக்கு அனுப்ப ஒரு போட்டோ. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பதை எப்படிப் போட்டோ எடுப்பது? நான்தான் சொன்னேன், புறாவைச் சேர்க்கலாம் என்று. கதையில் வெள்ளம் வடிந்ததா என்று பார்க்கப் புறா போய் இலையோடு திரும்புகிறதே. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி வாரம் ஒரு பிள்ளை உள் அறையின் பின்கதவு வழியாகப் போய், குழாயடிப் பூவரச மரத்தில் ஓர் இலை பறித்துவந்து தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் "இலை இருக்கா?" என்று கேட்பார்கள். இருந்தால்தான் கதவு திறக்கும்.

உனக்குக் கோபம் வந்தது. "சாத்துன கதவு சாத்துனதாவே இருக்கட்டும். அத்தத் தொறந்து புள்ளைய எதுக்குடி வெளிய அனுப்புற?" கதை பாதியில் நிற்கிறதே என்றேன். அப்போது நீ சொன்னதை நான் சிரித்துத் தள்ளினேன்: "முழுசா சொல்றதுன்னா முழுசா சொல்லு. மூணாவது தபா போன புறா திரும்பி வர்லடி." இரண்டு நாள் பேசாமல் இருந்தோம். பிறகு நீயே விட்டுக்கொடுத்தாய். பிள்ளைகளுக்குப் புறா முறை என்றால் உயிர். "என் முறை எப்போ மிஸ்?" என்று விரலை மடக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

ஐப்பசி மழையில் டெங்கு வந்தது, ஆறே நாளில் நீ போய்விட்டாய். வேதபாடமும் என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமைப் பேழையை நான் நிறுத்தவில்லை. உனக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது இப்போது அட்டையில் இருந்தது, அவ்வளவுதான்.

தை மாதம் பொங்கல் லீவில் இரண்டு வெள்ளிக்கிழமைகள் போயின. அடுத்த முறை தர்ஷினிக்கு. எர்ணாவூரில் மீன் விற்கிற தேசம்மாவின் மகள், வகுப்பிலேயே குள்ளம், உனக்கு நினைவிருக்கும். பள்ளி திறந்து இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியட். பனி இன்னும் விலகவில்லை. நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கண் எரிந்தது. திரும்புவதற்குள் ஒரு பிள்ளை, "மிஸ், பேழை!" என்று கத்தியது.

பிள்ளைகளே டப்பாவை எடுத்தார்கள், நனைத்தார்கள், ஜோடியாக உள்ளே போனார்கள். எனக்குக் கால் ஓடவில்லை, அவர்களுக்கு ஓடியது. ஆயாம்மாவும் நானும் ஜன்னல்களைச் சாத்தி, துண்டைச் செருகிவிட்டுத் தலை எண்ணினோம். இருபத்து மூன்று. மறுபடி எண்ணினேன். இருபத்து மூன்றுதான். முயல் ஜோடியில் ஒன்று மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. அது கைக்குட்டையை விலக்கி, "தர்ஷினி புறாவா போய்க்கீது மிஸ்" என்றது.

பின்கதவின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. உன் குரல்தான் காதில் கேட்டது, மூணாவது தபா, மூணாவது தபா என்று. நான் வெளியே போனதும் தாழ்ப்பாள் போடச் சொல்லி ஆயாம்மாவிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினேன்.

முற்றத்தில் மூச்சு இழுக்க முடியவில்லை. அவள் மரத்தடியில் குதித்துக்கொண்டிருந்தாள். லீவில் யாரோ தாழ்ந்த கிளைகளை வெட்டியிருந்தார்கள். இரண்டு கையும் வேண்டுமென்று கைக்குட்டையைக் கீழே போட்டிருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டுகிறது, இருமுகிறாள், குதிக்கிறாள். தூக்கினேன், திமிறினாள்.

"எல எட்டல மிஸ்! எல இல்லாம போனா கதவு தொறக்க மாட்டாங்க!"

நான் போட்ட சட்டம். அவளைத் தூக்கிப் பிடித்தேன், ஓர் இலையைப் பிய்த்தாள், ஓடினோம். கதவைத் தட்டினேன். நம் பிள்ளைகள், நாம் பழக்கிய பிள்ளைகள், ஆயாம்மாவைத் திறக்க விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து கேட்டார்கள்: "இலை இருக்கா?" வாழ்நாளில் நான் அப்படிப் பயந்ததில்லை. அவள் இருமிக்கொண்டே, "கொண்டாந்துட்டேன்" என்றாள். திறந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தேசம்மா மீன் கூடையைப் போட்டது போட்டபடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் வெளிய போவலன்னா எம்புள்ள இன்னா ஆயிருக்கும் மிஸ்? நீதான் எங்களுக்கு சாமி." ஹெச்.எம். மேடம் எல்லோர் முன்னாலும் எனக்குச் சால்வை போர்த்தினார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளையை வெளியே அனுப்பியதும் நான்தான் என்று இந்த ஐந்து மாதத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வாய்வரை வருகிறது, சால்வை தடுக்கிறது. இருபத்து மூன்று பேரை உட்கார வைத்தது நீ, ஒருத்தியை மரத்தடியில் நிறுத்தியது நான். உன்னிடமாவது சொல்லிவிட்டேன். அடுத்து தேசம்மாவிடம் சொல்ல வேண்டும். அவள் முகத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இப்போது தர்ஷினி ஒன்றாம் வகுப்பு. இருமல் நின்றுவிட்டது. என்னைக் கண்டால் இன்னமும், "நான் எல எடுத்துகினு வந்தேன்ல மிஸ்?" என்கிறாள்.

காற்று மாறியதா என்று பார்த்துக்கொண்டேதான் தினமும் பாடம் நடத்துகிறேன். பிள்ளை ஒன்று தும்மினால்கூடச் சாக்பீஸைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன். ஆனாலும் டப்பாவை உள்ளே தள்ளவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, புதுப் பிள்ளைகளுக்கு முதல் பேழை. நீ செய்தது போல மேசையைத் தட்டினேன். எல்லோரும் உள்ளே போனார்கள், எண்ணினேன், சரியாக இருந்தது. பாடக்குறிப்பு நோட்டில் புறா என்ற இடத்தில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அடித்துவிட்டு 'மிஸ்' என்று எழுதியிருந்தேன். வெளியே யார் போனாலும் தட்டினால் திறக்க வேண்டும், கையில் எதுவும் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும் என்று காலையிலேயே நான்கு தடவை சொல்லியிருந்தேன்.

பின்கதவு வழியாகப் போய் மரத்தடியில் நின்றேன். காற்று கடல் பக்கமிருந்துதான் வந்தது, வாடை எதுவும் இல்லை. திரும்பி வந்து தட்டினேன்.

"மிஸ், இலை இருக்கா?" யார் சொல்லிக்கொடுத்தார்களோ, பெரிய வகுப்பு அண்ணன் அக்காக்களாக இருக்கும்.

"இல்லை" என்றேன்.

நான் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஏதோ ஒரு சின்னக் கை தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் கேட்டது.