மெத்தை வேண்டாம் என்றவள்

ஜூன் 3

மகளின் கைப்பையைத் திறந்து பார்த்தேன். எழுதும்போதே காது சூடாகிறது. ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறவள், மூக்குக் கண்ணாடிக் கடை கவுன்ட்டரில் நாலு பேர் ‘மேடம்’ என்று கூப்பிட உட்கார்ந்திருப்பவள், மகள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஜிப்பை இழுத்தேன். என் சட்டைக் கை அதில் மாட்டிக்கொண்டது. அவள் ஈரத் தலையோடு வந்தபோது பை என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. தூசி தட்டுகிறேன் என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயம். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். எதையும் கேட்காமல் விடுகிற ஆளில்லை.

உள்ளே இருந்தது கல்லூரி விடுதி அனுப்பிய பட்டியல். மெத்தை, தலையணை, போர்வை, வாளி, மேசை விளக்கு என்று இருபத்திரண்டு சாமான். அதில் பதினாறை அவள் பேனாவால் அடித்திருக்கிறாள். மெத்தையையும் அடித்துவிட்டு எதில் படுப்பாள்?

ஜூன் 6

மூவரும் கடைக்குப் போனோம். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருக்கும் என் வீட்டுக்காரர், இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டார். பஸ் ஒரு நிமிடம் பிந்தினால் காட்டும் அதே முகத்தோடு சொன்னார்.

மெத்தைக் கடைக்காரர் ஒவ்வொரு மெத்தையாக அமுக்கி, என் கையையும் பிடித்து அமுக்க வைத்தார். வக்கீல் வாசலிலேயே நின்றாள். வேண்டாமாம். வாளியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். படுக்கை விரிப்பு மட்டும் இரண்டு. அதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நூல் நெருக்கம் பார்த்தாள். பூப்போட்டதும் வெறும் நீலமும் ஒரே துணிதான், பூவுக்குத்தான் கூடுதல் விலை என்று நீலத்தை எடுத்தாள். எங்கள் கடையில் கண்ணாடி வாங்கிய கடைக்காரர் என்னிடம், “கண்ணாடிக் கடையில வேல பாக்கறது நீங்களா, பாப்பாவா?” என்றார்.

துண்டு, செருப்பு, துணி காயப்போடக் கயிறு, கிளிப்பு, பூட்டு. அவ்வளவுதான். இவருக்கு வாயெல்லாம் பல். மகள் வெறுந்தரையில் படுத்தாலும் சொன்ன தொகையில் மிச்சம் விழுந்தால் போதும் இவருக்கு.

ஜூன் 7

எல்லாவற்றிலும் மலிவு பார்த்தவள் பூட்டை மட்டும் உசத்தியாக வாங்கியிருக்கிறாள். எதைப் பூட்ட?

ஜூன் 9

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? கடையில் லென்ஸ் வெட்டும் அக்காவிடம் உளறிவிட்டேன். அக்கா மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“ஹாஸ்டலுக்குப் போற பொண்ணு மெத்த வேண்டாங்குதா? அப்ப அது ஹாஸ்டலுக்கே போகல. வேற எங்கயோ மெத்த போட்டு ரெடியா இருக்கு.”

அக்கா வீட்டில் கல்லூரி போகிற பிள்ளை கிடையாது. அதனால் என்ன, சந்தேகத்துக்குப் பிள்ளையா வேண்டும்? அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கடைக்கு வந்த ஒரு அப்பாவின் கண்ணாடியை அவர் மகனுக்கு மாட்டிவிட்டு, நல்லாத் தெரியுதா என்று கேட்டேன். தரை மேலே வருகிறது என்றான் அவன். எனக்கும்தான்.

ஜூன் 11

இன்று சிக்கியது. அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் போன் அடித்தது. திரையில் பெயரே ‘மெத்தை’. எடுத்தேன். ஆண் குரல்.

“அம்மாடி, உன் மெத்தைய வெயில்ல போட்டு எடுத்து வச்சிட்டேன். சாவி என்கிட்டதான் இருக்கு. என்னைக்கு வர்ற?”

கட் பண்ணிவிட்டேன். சாவியாம்ல! வயசான குரல் வேற! பதினெட்டு வருஷம் வளத்து... இவரிடம் சொல்லலாமா? சொன்னால், எத்தனை மணிக்குப் போன் வந்தது என்பார்.

ஜூன் 12

கேட்டே விட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் தட்டுக்கு எதிரே நின்று, யாருடி அந்த மெத்தைக்காரன் என்று கத்தினேன். இவர் தண்ணீர்க் குவளையோடு அப்படியே நின்றார்.

வக்கீல் மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். அவர் விடுதி வாட்ச்மேன். படிப்பை முடித்துப் போகிற பிள்ளைகள் மெத்தை, வாளி, விளக்கையெல்லாம் அங்கே ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டுப் போவார்களாம். முன்கூட்டியே கேட்கிற பிள்ளைக்கு அவர் சும்மாவே எடுத்து வைப்பாராம். கேட்கத் தெரியாத பிள்ளைகள்தான் புதிது வாங்கி மூட்டை கட்டுமாம். பூட்டு, அறை அலமாரிக்கு. வாட்ச்மேனே சொன்னாராம், அதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதே என்று.

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன்.

“அடுத்தவங்க படுத்த மெத்தையான்னு நீ குதிப்ப. அதோட, பைய நோண்டினத நீயா எப்பச் சொல்றேன்னு பாத்துட்டு இருந்தேன்.”

இவர் சிரித்தார். துரோகி.

மிச்சக் காசுக்கு என்ன திட்டம் என்று கேட்டேன். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். என் வாய்.

“பஸ்ஸுக்கும்மா. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வந்துடுவேன். தலகாணி, போர்வையெல்லாம் அதுக்குத்தான் இங்கயே விட்டுட்டுப் போறேன். வர்றப்ப என் ரூம்ல என் கட்டில் இருந்தாப் போதும்.”

நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

ஜூன் 21

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். மெத்தையை அமுக்கிப் பார்த்தேன். கடையில் இருந்ததைவிட நல்ல மெத்தை. வாட்ச்மேனை ஏற இறங்கப் பார்த்தேன். அவரும் என்னை அப்படித்தான் பார்த்தார், பாதியில் போனை வைத்தவள் நான்தான் என்று தெரிந்திருக்கும்.

ஜூலை 2

சனிக்கிழமை வருகிறாளாம். டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். இவர் காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். “ரூமைக் காட்டினது நீ. நீயே சொல்லு,” என்றார்.

இந்த நோட்டில்கூட எழுதாமல் விட்டதை இனி எழுதித்தான் ஆக வேண்டும். கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த நர்ஸ் ஒருத்திக்கு அந்த அறையைக் கட்டிலோடு வாடகைக்குப் பேசிவிட்டேன். போன வாரம் குடி வந்துவிட்டாள். நல்ல பெண்.

அந்த நர்ஸிடம் நான் முன்பணம் வாங்கியது மே 28. விடுதிப் பட்டியல் தபாலில் வந்தது ஜூன் 2.