கை நீட்டி எண்ணக் கூடாது

இன்று காலை மாடுகளுக்குக் காதில் மஞ்சள் வில்லை குத்த மலையாள சர்க்கார் மிருகாஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்திருந்தார். கட்டுத்தரை முழுக்க மருந்து நெடி. மாடு எத்தனை என்று மலையாளத்தில் கேட்டார். நான் வழக்கம்போல, "கெடக்குதுங்க கொஞ்சம்" என்று இழுத்தேன். பள்ளிக்குக் கிளம்பி நின்ற நம் மகள் விரலை நீட்டி, "பெருசு அஞ்சு, கன்னு ரெண்டு, மொத்தம் ஏழுங்க" என்றாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது மூன்றும் இரண்டும் எத்தனை என்று கேட்டால் வாயே திறக்க மாட்டாள். பிள்ளை கொஞ்சம் மந்தம் என்று டீச்சர் சொல்லியனுப்பிய நாளிலிருந்து நான் வாத்தியார் ஆகிவிட்டேன். சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்ததும் பாடம். மீனாட்சிபுரத்திலிருந்து புது சிலேட்டு வாங்கி வந்தேன். புளியங்கொட்டை, தீக்குச்சி எல்லாம் பரப்பினேன். எதற்கும் மசியவில்லை.

ஒருநாள் பெரிய புத்திசாலிபோல மாட்டை வைத்தே கேட்டேன். "கட்டுத்தரைல மூணு மாடு நிக்குது. மேயப் போன ரெண்டு திரும்பி வருது. மொத்தம் எத்தன?" "தெரியாதுங்கப்பா" என்றாள் அவள். மாட்டுக்காரன் பெற்ற பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்று முதுகில் ஒன்று வைத்தேன். நீ அவளைத் தூக்கிக்கொண்டு போனாய். உன் கோபம் அப்படித்தான், சத்தமே இருக்காது.

மறுநாள் தலை பின்னிவிடும்போது அவளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாய். மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் நேராக வந்தாய்.

"அவளுக்குக் கணக்கு வராம இல்லீங்க மாமா. எண்ணுனா செத்துப் போயிருமாம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதான் எடுத்துச் சொன்னாய். நம் வீட்டில் மாட்டைக் கை நீட்டி எண்ண மாட்டோம், கண் பட்டுவிடும். இவள் பள்ளியில் சேர்ந்த புதிதில், கற்ற எண்களை மாடுகளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான் அதட்டியிருக்கிறேன். நாலாம் நாள் செவலைக் கன்று வயிறு உப்பிச் செத்துப்போனது. அந்த ஆத்திரத்தில், "எண்ணாதேன்னேனே, கேட்டியா?" என்று அவளைப் பார்த்துக் கத்தினேனாம். எனக்கு மறந்தே போயிருந்தது.

அடுத்த நாள் காலை நீ அவளைக் கட்டுத்தரைக்குக் கூட்டி வந்தாய். "எண்ணு சாமி" என்றாய். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க மாமா" என்றாய். எனக்கும் பயம்தான், சினை மாடு வேறு நின்றது. ஆனாலும், "எண்ணு" என்றேன். எண்ணினாள். பத்து நாள் தினமும் எண்ணினாள். எதுவும் சாகவில்லை, சினை மாடுகூட நல்லபடியாக ஈன்றது. அதன்பின் சிலேட்டில் கூட்டல் தானாக வந்தது. காரியம் முடிந்தது என்று நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆனால் அது முடிந்திருக்கவில்லை. போன வருஷம் நீ திடீரென்று போய்ச் சேர்ந்தாய். பிள்ளை அழவே இல்லை. கல்நெஞ்சு என்றுகூடச் சிலர் பேசினார்கள். உன் காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தம் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மா போறதுக்கு முந்தி ஊட்டுல எத்தன பேருன்னு டீச்சர் கேட்டாங்க. வெரல்விட்டு எண்ணி மூணுன்னு சொன்னேன். அதனாலயாங்கப்பா?"

எண்ணு என்று அன்றைக்குச் சொன்னேனே தவிர, கன்று செத்தது அவளால் இல்லை என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை. நீ அருகில் இருந்த தைரியத்தில் எண்ணியிருக்கிறாள், அவ்வளவுதான்.

"இல்ல சாமி, அம்மா போனது உன்னால இல்ல. அந்தக் கன்னு செத்ததும் உன்னால இல்ல. அப்பன் அன்னிக்குச் சொன்னது தப்பு" என்றேன். மூன்று வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது, நீ சாக வேண்டியிருந்திருக்கிறது. இது என்னோடுதான் கிடக்கும்.

அப்போதுதான் அவள் உனக்காக அழுதாள்.