இரண்டு இருக்கைக்கு ஓர் உறை

என் மகனுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. மருமகளும் குழந்தையும் சுகம் என்று அறிந்து நிம்மதி. என் கண்ணுக்குச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார்கள். வரி எங்காவது வளைந்திருந்தால் பொறுத்துக்கொள். சமையலறைக் குழாயைச் சரிசெய்தாயிற்று. மறுநாளே மறுபடி ஒழுகவும் ஆரம்பித்தாயிற்று.

பக்கத்து வீட்டுப் பெண் அனுப்பிய படத்தைப் பார்த்து, உன் தங்கை பாதியாக இளைத்து அழகாகிவிட்டாள் என்று எழுதியிருக்கிறாய். இனி விமானத்தில் அவளுக்கு ஒரு டிக்கெட்டே போதும், இருவரும் புறப்பட்டு வாருங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். உன் கல்யாணத்துக்கு அவளுக்கு மட்டும் இரண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னார்கள் என்று என்னை மட்டும் வரவழைத்தாயே, அதை அவள் மறக்கவில்லை. அவள் எப்படி இளைத்தாள் என்பது உனக்குத் தெரியவேண்டும்.

அவள் பல் செட் செய்யும் கூடத்துக்கு வேனில் போய்வந்தது உனக்குத் தெரியும். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து மாதவாடகைக்குப் பிடித்த வேன். ஒருநாள் வேன்காரர் வாசலுக்கு வந்து, அடுத்த மாதத்திலிருந்து இரண்டு சீட்டுக்குப் பணம் வேண்டும் என்றார். என் மகள் என்ன சரக்கா, எடை போட்டுக் கூலி கேட்கிறாயா என்று கேட்டேன். எலும்பும் தோலுமாக இருக்கும் நான் பஸ் ஏறினால் அரை டிக்கெட்டா கொடுக்கிறார்கள்? சலூனில் வழுக்கைத் தலைக்குக் குறைத்தா வாங்குகிறார்கள்?

அவர் கோபப்படவில்லை. "நான் என்னம்மா கல்நெஞ்சுக்காரனா? பின் சீட்ல நாலு பேர் உக்காரணும். உங்க பொண்ணு ஏறினா மூணு பேர்தான். அந்த நாலாவது ஆள் காசை நான் யார்கிட்ட கேக்கறது, நீங்களே சொல்லுங்க" என்றார். தையற்காரி கூடுதல் துணிக்குக் கூடுதல் கேட்டபோது நியாயம் என்று கொடுத்தவள்தானே நான். ஆனால் துணியை ஒருத்தி கழற்றி வைக்கலாம். சின்ன வயதிலிருந்தே மருந்து தின்று பெருத்த உடம்பை எங்கே கழற்றி வைப்பது? இதை நான் அவரிடம் சொல்லவில்லை. வாசலில் நின்று தெருக்காரனிடம் பேரம் பேசுகிற பழக்கம் எனக்கில்லை. கேட்டதைக் கொடுத்தேன்.

கொடுத்தபின் அந்த இடம் நம்முடையது. அதை யாரும் முணுமுணுக்கக் கூடாது என்பதற்காக, இரண்டு இருக்கைக்கும் சேர்த்து ஒரே உறையாகத் தைத்தேன். வெள்ளைத் துணி, நீல ஓரம். நடுவில் அவளுடைய முதலெழுத்து, கான்வென்டில் சிஸ்டர்கள் கற்றுக்கொடுத்த சாட்டின் தையலில். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று உன்னால் சொல்ல முடியாது, அவ்வளவு சுத்தம். அவள் வேண்டாம் என்றாள். நான்தான் விரிக்கச் சொன்னேன். தினமும் விரித்தாளா என்று வேன்காரரையும் கேட்டுவந்தேன்.

ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் பெண் புதிதாக வேனில் சேர்ந்தாள். நிறைமாதம். இடமில்லாமல் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்தாளாம். உன் தங்கை நகர்ந்து, இங்கே வாங்க என்று கூப்பிட்டிருக்கிறாள். மருந்துக்கடை கேஷியர் இருக்கிறாளே, வாய் நீளம், அவள் கர்ப்பிணிப் பெண்ணிடம் சொன்னாளாம்: "வேணாம்மா, எந்திரிச்சுடாத! அது ரிசர்வ் சீட்டு. பாரு, பேரெல்லாம் போட்டிருக்கு." வேன் முழுக்கச் சிரிப்பு. அந்தக் கர்ப்பிணிப் பெண்கூடச் சிரித்தாளாம்.

அடுத்த சிக்னலில் உன் தங்கை இறங்கிவிட்டாள். உறையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தனை தூரமும் வெயிலில் நடந்து வந்தாள். "என்னை ஏம்மா பார்சல் மாதிரி லேபிள் ஒட்டி அனுப்பினே?" என்று கேட்டாள். அது லேபிள் இல்லை, நல்ல வேலைப்பாடு என்றேன்.

அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. முதலில் சோற்றை நிறுத்தினாள், பிறகு பாலை. தட்டை அறைவாசலில் வைக்கிறேன், வைத்தபடியே எடுக்கிறேன். கூடத்து முதலாளி இரண்டுமுறை ஆள் அனுப்பினார். அவளில்லாமல் எந்தப் பல் செட்டும் வாயில் உட்காரமாட்டேன் என்கிறதாம். என் வாயில் இருப்பதும் அவள் செய்ததுதான்.

அவள் இளைக்க இளைக்கத் தெருவே கொண்டாடியது. என்ன வைத்தியம் என்று கேட்டார்கள். வேன்காரரும் வந்தார். "இனிமே ஒரு சீட்டு போதும்மா, வரச்சொல்லுங்க" என்றார், சந்தோஷமாகத்தான். டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவள் அறைக்குள் நுழைந்தவுடன் வெரி குட் என்றார். ரத்தப் பரிசோதனையைப் பார்த்தபின், இதயம் களைத்துவிட்டது, உடனே சேர்க்கவேண்டும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வரமாட்டேன் என்கிறாள். கட்டில் எவ்வளவு தாங்கும் என்று கேட்பார்கள் என்கிறாள்.

முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அவளைத் தூக்க இரண்டு ஆண்கள் வந்தார்கள். நேற்று விழுந்தாள். நான் ஒருத்தியே தூக்கிவிட்டேன்.

ஆகையால் டிக்கெட் எடுக்காதே. ஒன்றும் வேண்டாம், இரண்டும் வேண்டாம். நீ புறப்பட்டு வா. நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் என்று உனக்குத் தெரியும்.

சின்ன வயதில் ரயிலில் அவள்மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டே போவாய். மெத்தை என்பதைச் சுருக்கி மெத்து என்று நீதான் அவளுக்குப் பெயர் வைத்தாய். வந்ததும் அவள் அறைவாசலில் நின்று அப்படிக் கூப்பிடு. நேற்று நான் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. அது என் வாயில் சரியாக உட்காரவில்லை போலும்.

உனக்கும் உன் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. படத்தை யாருக்கும் காட்டாதே.

வழிபார்த்திருக்கும்,
அம்மா