முத்தையா உடைக்காத போத்தல்

1958 மாசி, சனிக்கிழமை.

தேயிலைத் தோட்டத்துத் திருவிழா நாடகத்தில் முத்தையா குடிகாரன், நான் பபூன். கடைசியில் அவன் போத்தலை உடைத்துத் திருந்த வேண்டும். போன தீபாவளிக்கு நிஜமாகவே குடியை விட்டவன். சாயத்தண்ணீர் இருக்க வேண்டிய போத்தலில் இன்று நான் சாராயத்தை ஊற்றினேன். துப்புவான், சனம் சிரிக்கும் என்று நினைத்தேன்.

ஒரு வாய் வைத்ததும் என்னைப் பார்த்தான். போத்தலை வாயிலிருந்து இறக்கினான்.

"குடி மச்சான், என்னா வெக்கம்?" என்றேன்.

சனம் கைதட்டியது. முழுவதையும் குடித்தான். போத்தலை உடைக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டான்.

நாடகம் முடிந்ததும் அவன் பெண்சாதி செல்லம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். "பாருங்கண்ணே, லயத்து வீட்டுக்கு வாங்கன்னா இன்னும் தள்ளாடி நடிச்சிக்கிட்டே இருக்காரு!"

"பெரிய நடிகனாச்சே, தங்கச்சி!"

அவன் பக்கத்தில் வந்து வாயைத் திறக்கும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.