கல்லுக்கு வைத்த பொட்டு

எமரால்டு. ஐப்பசி, செவ்வாய் இரவு.

மீன் புதைபடிவத்தைச் சுத்தம் செய்யப் பழகலாமென்று, யாரும் கை வைக்காத கல்லாகத் தேடி ஆன்லைனில் வாங்கியிருந்தேன். எங்கள் மலையில் அப்படிக் கல் கிடைக்காது. வந்தது ஒரு சாம்பல் நிறப் பலகைக்கல். ஒரு பக்கம் மட்டும் லேசான புடைப்பு. அகலமான முனைதான் தலை என்று நினைத்து, நாள்கணக்கில் அங்கேயே ஊசியால் சுரண்டினேன். ஒன்றும் தெரியவில்லை.

இன்று காலை கல்லைக் கழுவி, காயட்டுமென்று எஸ்டேட் லைன் வீட்டுக் குழாயடியில் நிமிர்த்தி வைத்துவிட்டு டீ ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனேன். நிமிர்ந்து நிற்கும் கல்லை எங்கள் லைனில் யாரும் சும்மா விடமாட்டார்கள். மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் மஞ்சள் பூசி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று குங்குமம். பக்கத்து வீட்டுச் செல்வியக்காவின் வேலை.

"ஏனுங்கக்கா, இது மீன் கல்லுங்க. இதுக்கு எதுக்கு ரெண்டு பொட்டு?"

"ரெண்டு பேரு இருக்காங்களே தம்பி" என்றார், குடத்தைத் தூக்கிக்கொண்டே.

எரிச்சலில் முன்பக்கப் பொட்டைத் துடைத்துவிட்டு அந்த இடத்திலேயே ஊசியை வைத்தேன். அது புடைப்பின் குறுகிய முனை, நான் இதுவரை தொடாத இடம். கல் ஏடாகப் பெயர்ந்தது. உள்ளே வட்டமாக, கறுப்பாக ஒரு கண்.

அக்காவிடம் கேட்கலாமென்று கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன். என்னவென்று கேட்பது?

பின்பக்கம் வழவழவென்றுதான் இருக்கிறது. அங்கே எதுவும் இருக்க வழியில்லை.

படுத்தும் தூக்கம் வரவில்லை. அந்தக் கண் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. எழுந்து கல்லைக் கவிழ்த்து வைத்தேன்.

இப்போது இன்னொரு பொட்டு பார்க்கிறது.