கேழ்வரகுக்குள் வைத்த போல்ட்

என் அன்புள்ள அம்மா,

நடந்த எல்லாவற்றையும் உள்ளபடி எழுதப் போகிறேன். எதையும் கூட்ட மாட்டேன், எனக்கு வசதியாகக் குறைக்கவும் மாட்டேன். சுடுதளத்தில் நீ சுடும்போது, பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு இலக்குத் தாளைத் தொலைநோக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்து நோட்டில் குறிப்பேனே, அப்படி. "எங்க பட்டுச்சோ அத மட்டும் சொல்லு சாமி. நான் சந்தோசப்படோணும்னு நடுவுல தள்ளிச் சொல்லாத" என்பாய். நான் ஒருமுறைகூடத் தள்ளிச் சொன்னதில்லை. நீ போன பிறகுதான் முதல் பொய் சொன்னேன். அதுவும் உன் துப்பாக்கி விஷயத்தில்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அது இரண்டாம் உலகப் போரில், மறைந்திருந்து குறி பார்த்துச் சுடும் ஸ்னைப்பர்களுக்கென்று செய்த துப்பாக்கி. தாத்தா பட்டாளத்திலிருந்து வந்த பிறகு, ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்காரரிடம் முறையான உரிமத்தோடு வாங்கியது. அவருக்குப் பிறகு உன் பெயருக்கு வந்தது. அதன் மரக்கட்டையில் கூடுதலாக ஓர் எண் வெட்டியிருந்தது. அந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்திய தொலைநோக்கியின் எண் அது என்று கண்டுபிடித்தவள் நீ. அந்தத் தொலைநோக்கியைத் தேடி வருடக்கணக்காக அலைந்தாய். கடைசியில் அதே எஸ்டேட் வீட்டில்தான் இருந்தது. யாரோ அதைப் பறவை பார்க்க வைத்திருந்தார்கள். எண் ஒத்துப்போனதும் நீ அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாயாமே? அப்பா சொன்னார்.

அப்பாவுக்கு மட்டும் அதன் மேல் பயம். லாரிப் பட்டறையில் நாளெல்லாம் சுத்தியல் சத்தத்தில் நிற்கிறவர், நீ சுடும்போது காதைப் பொத்திக்கொண்டு வண்டி நிறுத்தும் இடத்தில் நிற்பார். அவருக்காகத்தான் நீ ஒரு வழக்கம் வைத்தாய். துப்பாக்கி படுக்கையறை பீரோவில், அதன் போல்ட் சமையலறைப் பரணில் மூடி போட்ட தூக்குப்போசிக்குள். குண்டைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் அந்த எஃகுத் துண்டு இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் கட்டையும் குழலும்தானே.

நீ போன பத்தாம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். உரிமம் உன் பெயரில் இருந்ததால் இனி துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது, ஒப்படைக்க வேண்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உன்னை இரண்டாம் முறை எடுத்துப் போவது போல் இருந்தது. போல்ட் இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள், வீட்டிலேயே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அதை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கேழ்வரகு டப்பாவின் அடியில் புதைத்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வெண்ணந்தூர் அத்தை சமையலறையை ஒழுங்கு செய்தார்.

"ஏனண்ணா, இத்தன ராகிய வெச்சு என்ன பண்ணப் போறீங்க? வண்டு உழுந்துரும். நான் அரைச்சுக் கொண்டாரேன்."

அத்தை டப்பாவோடு பஸ் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவில் எப்படி வாயைத் திறப்பது? திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மறுநாள் காலை அப்பா பரணிலிருந்த பாத்திரங்களையெல்லாம் கீழே இறக்கிப் பரப்பிவிட்டு, அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"போல்ட்ட உங்கம்மா வேற எங்கயாச்சும் மாத்தி வெச்சுதா சாமி?"

"தெரியலீங்கப்பா."

அதுதான் அந்தப் பொய்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒப்படைக்கோணும். இல்லீன்னா, வேற ஆருக்கோ குடுத்துட்டேன்னு என் மேல கேஸ் ஆயிருமாம்." போசிகளை மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஏற்கெனவே பார்த்தவைதான். "உங்கம்மா ஒண்ணையும் தொலைக்க மாட்டா. நாந்தான் எதையோ தொலைச்சிருக்கறேன்."

அதைக் கேட்ட பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. கையிலிருந்த மூடியைப் போசியில் போட்டு மூடினார். பிறகு மொபெட் சாவியை எடுத்தார்.

அத்தைக்குப் போன் மேல் போன் போட்டோம். எடுக்கவில்லை. தறிக்கூடத்தில் நிற்கும்போது அவருக்கு எந்தச் சத்தமும் கேட்காது. ராசிபுரம் தாண்டி வெண்ணந்தூருக்கே போனோம். ஓடுகிற தறிகளுக்கு நடுவில் நுழைந்து, அத்தையின் காதருகே கத்தினேன்.

"ராகியா? அது காத்தாலயே மில்லுக்குப் போயிருச்சே!"

மாவு மில்லுக்கு ஓடினோம். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எஃகு அரவைக்குள் விழுந்தால் என்ன ஆகும்? எந்திரம் உடையும், போல்ட் போகும், அப்பா? வரிசையில் நம் டப்பாவைத் தேடினேன். இல்லை. மில்காரர் அதைத் தோளில் தூக்கி, மேல்தொட்டியில் கொட்டுவதற்காகச் சாய்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கேழ்வரகு சரசரவென்று உள்ளே விழுந்துவிட்டது.

"நிறுத்துங்க" என்று அப்பா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"அரைக்க வேண்டாமுங்க."

"கல்லு கெடக்குதா?"

"ஆமாங்க," என்றார் அப்பா. "பெரிய கல்லு."

காத்திருந்த ஒரு பாட்டி அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "ராகிய ஊருக்குக் கூட்டியாந்து மில்லக் காட்டிப் போட்டுத் திருப்பிக் கூட்டிட்டுப் போறவன இன்னைக்குத்தான் பாக்கறேன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் டப்பாவைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தனை பேர் முன்னால் கையை விட்டுப் பார்க்க முடியாது. திரும்பும் வழியெல்லாம் அது உள்ளே இருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. ஆளில்லாத ஒரு புளியமரத்தடியில் அப்பா வண்டியை நிறுத்தினார். டப்பாவுக்குள் கையை முழங்கைவரை விட்டேன். விரலில் முதலில் பை பட்டது, பிறகு எஃகு. பை எப்படியோ கிழிந்திருந்தது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. சார் எண்களை ஒவ்வொன்றாகப் படிக்க, ரைட்டர் எழுதினார். துப்பாக்கி எண் சரி. கட்டையில் வெட்டிய எண்ணும் தொலைநோக்கி எண்ணும் சரி. போல்ட்டின் எண்ணைப் பார்க்க அதைத் திருப்பியபோது, மேசைமேல் இரண்டு கேழ்வரகு மணிகள் உருண்டன.

"இதென்னங்க?"

"ஊட்டுல... சமையக்கட்டுல வெச்சிருந்துச்சுங்க எம்பட சம்சாரம்..." மில்லில் எப்படியோ சமாளித்துவிட்டார், ஆனால் அப்பாவுக்குப் பொய் வராது அம்மா. உனக்குத் தெரியுமே. உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உன் குரல் கேட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் கேட்கவில்லை. பயம்தான் இருந்தது. இருந்தும் சொன்னேன். "நான்தான் சார் ஒளிச்சு வெச்சேன். அப்பாவுக்குத் தெரியாது." மில்வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

எஸ்.ஐ. சார் என்னையே பார்த்தார். பிறகு ரைட்டரிடம், "போல்ட் சரி. எழுதுங்க" என்றார். என்னிடம், "ஆயுதத்த ஒளிக்கறது வெளையாட்டில்ல பாப்பா. இன்னொருக்கா இப்படி நடந்தா நான் இப்படிப் பேசமாட்டேன்" என்றார். அந்த இரண்டு மணியையும் விரலால் தட்டிவிட்டு அப்பாவைக் கேட்டார்.

"அரசாங்கத்துக்கே குடுத்தர்றீங்களா? வாரிசு உரிமம் கேக்கறீங்களா?"

அப்பா 'குடுத்தர்றனுங்க' என்பார் என்றுதான் நினைத்தேன். நீயும் அப்படித்தானே நினைத்திருப்பாய்?

"எம்பேருக்கே கேட்டு எழுதித் தாரேனுங்க."

"சுடத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அந்தச் சத்தமே எனக்கு ஆகாது. கத்துக்கறேனுங்க. இவளுக்கு உரிமம் வாங்கற வயசு வர்றவரைக்கும் ஒருத்தர் வெச்சிருக்கோணுமில்லீங்களா? அதுவரைக்கும் மேல இருக்கற கண்ணாடியையும் துப்பாக்கியையும் பிரிச்சு வெச்சராதீங்க."

உரிமம் கிடைக்குமா என்று தெரியாது அம்மா. எத்தனை மாதம் ஆகுமோ. ஆனால் அப்பா சுடுதளத்தில் பேர் கொடுத்துவிட்டார். நேற்று ஒரு சின்னத் துப்பாக்கியால் பத்து முறை சுட்டார். பக்கத்தில் படுத்துக் குறித்தது நான். ஒன்பது குண்டு தாளிலேயே படவில்லை. "எப்படி சாமி?" என்று திரும்பிக் கேட்டார். எங்கே பட்டதோ அதை மட்டும் சொன்னேன். இனியும் அப்படித்தான் சொல்வேன், அவரிடமும் யாரிடமும். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். ஒப்படைத்த அன்று, ஆயுத அறைக்குள் துப்பாக்கியை வைக்கும்வரை நாங்கள் வாசலில் நின்றோம். தொலைநோக்கி அதன் மேலேயே இருந்தது. எதிர்ச் சுவரின் பல்பு அந்தக் கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தது. ரைட்டர் வெளியே வந்து விளக்கை அணைத்தார்.

உன் பக்கத்தில் படுத்துக் குறித்த,
உன் மகள்