இரண்டு விரல் உயரம்

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் என் ஜோடி ஹயாத்தேவின் காலை மிதித்தேன். நான்கு முறை. மூன்று வரை எண்ணத் தெரிந்தால் வால்ட்ஸ் ஆடிவிடலாம் என்கிறார் குவாஹாரா டீச்சர். எனக்கு அந்த மூன்றே வரவில்லை. இதுவரை ஆடியே பார்க்காத பள்ளிப் பிள்ளைகள் ஆறு ஜோடி, டிசம்பரில் போட்டி, ஜனவரியில் தொலைக்காட்சியில். காமிராக்காரர்களுக்கு நாங்கள் தடுமாறினால்தான் சந்தோஷம்.

ஹயாத்தே என் காதோரம் சொன்னான்: "சிஹோ, தரையப் பாக்காதடி. அது எங்கயும் ஓடிப்போகாது."

சிரித்துவிட்டேன். அதையும் படம் பிடித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 30

வலப்பக்கத் திருப்பம் வந்துவிட்டது. வந்தேவிட்டது!

அக்டோபர் 19, ஞாயிறு

டிராம் வரத் தாமதம். நிறுத்தத்திலேயே டாங்கோ நடனத்தின் நடையை நடந்து பார்த்தோம். மீன் வாங்கி வந்த ஒரு அம்மா, "இடுப்ப நிமித்துடா தம்பி, பொண்ணு எவ்ளோ நேரா நிக்குது பாரு" என்று அதட்டினார். ஹயாத்தே குனிந்து வணங்கி நன்றி சொன்னான்.

என் முதுகில் அவன் உள்ளங்கை படும் இடம் குளிக்கும்போதுகூடத் தெரிகிறது. இதை அடித்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும். யார் படிக்கப் போகிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

மினோரியுடன் ஆடும் பையன் பேஸ்பால் ஆடிக் கணுக்காலை உடைத்துக்கொண்டான். உடை மாற்றும் அறையில் மினோரி அழுதுகொண்டிருந்தாள். சூடான தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பாவம், அவ்வளவு சின்னப் பெண். என் தோள்வரைதான் இருக்கிறாள்.

நவம்பர் 12

நிகழ்ச்சி இயக்குநர் என்னையும் ஹயாத்தேவையும் அருகருகே நிற்க வைத்துப் பார்த்தார்.

"ஹீல்ஸ் போட்டா நீ அவனவிட ரெண்டு விரல் ஒசரம்மா. திரையில நல்லா இருக்காது." பிறகு அவனிடம், "மினோரியோட ஆடறியா? உன் இஷ்டம். கட்டாயமில்ல."

ஹயாத்தே சிரித்துத் தள்ளிவிடுவான் என்று நினைத்தேன். அவன் ஒருநாள் அவகாசம் கேட்டான்.

எதற்கு ஒருநாள்?

நவம்பர் 13

"சரின்னு சொல்லிட்டேன்."

டிராம் நிறுத்தத்தில், என் முகத்தைப் பார்க்காமல்.

"நீ புரிஞ்சுப்பேன்னு நெனச்சேன், சிஹோ. ஜெயிக்கணும்ல?"

"யாரு ஜெயிக்கணும்?"

 டிராம் வந்தது. அவன் ஏறிக்கொண்டான். நான் ஏறவில்லை. வீடுவரை நடந்தேன். எட்டுக் கிலோமீட்டர். செருப்பாலயே அடிச்சிருக்கணும் அவன. ஏன் அடிக்கல? ஏன் "சரி, போ"ன்னு தலையாட்டினேன்?

நவம்பர் 14

பள்ளிக்குப் போகவில்லை. வயிற்றுவலி என்று அம்மாவிடம் சொன்னேன்.

நவம்பர் 23, ஞாயிறு

வாசலில் மினோரி. மூக்கு சிவந்து, கையில் ஒரு பை ஆரஞ்சு.

"அக்கா, எனக்குத் திருப்பம் வரவே மாட்டேங்குது. அவர் 'சிஹோ இப்படித் திரும்புவா, சிஹோ அப்படித் திரும்புவா'ன்னே சொல்றாரு. எனக்கு வேற யாரையும் தெரியாதுக்கா."

கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அவன் என் பெயரைச் சொல்கிறான் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கார் நிறுத்துமிடத்தில் ஆடினோம். ஆண் ஆடும் பகுதியை நான் ஆடினேன். இரண்டு மாதம் எதிரே நின்று அவனையே பார்த்தவளாயிற்றே.

"திரும்பறதுக்கு முன்னாடி ஒரு நொடி மூச்சப் பிடிப்பான். அப்ப நகராத. மூச்சு விட்டதும் போ."

எனக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒன்று. அதையும் கொடுத்துவிட்டேன். ஒன்பதாவது முறை சரியாக வந்தது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஆரஞ்சு முழுவதையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

போட்டி. போகவில்லை. மாலை மினோரியிடமிருந்து செய்தி: "ரெண்டாவது இடம்க்கா!!"

அவனிடமிருந்து எதுவும் இல்லை. எட்டு மணிவரை பார்த்தேன். பிறகு கைப்பேசியை அணைத்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று ஒளிபரப்பு. வேறு வேலை இருப்பதுபோல் நடித்துப் பார்த்தேன். அம்மா விடவில்லை. போர்வை போட்ட கணப்பு மேசையடியில் கால் நீட்டி இருவரும் உட்கார்ந்தோம்.

பேட்டியில் ஹயாத்தே, "மொதல் நாள்லேர்ந்தே மினோரியும் நானும் சேந்துதான் கத்துக்கிட்டோம்" என்றான். அழகாகச் சிரித்தான். உடனே அந்த முதல் நாள் படம் வந்தது. அவன் முகம், அவன் தோள், அந்தத் தோளின்மேல் ஒரு கை. அந்தக் கைக்குரிய முகம் இல்லை. அங்கேயே வெட்டியிருந்தார்கள்.

"இது உன் கைதானே?" என்றாள் அம்மா. "நகத்தக் கடிச்சு வெச்சிருக்கு பாரு."

"இல்லம்மா. மினோரி கை."

அம்மா ஒலியைக் குறைத்தாள். போர்வைக்கடியில் இருந்த என் கையைத் தேடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நிகழ்ச்சி முடியும்வரை விடவில்லை.